வலது கை இல்லாத நாள்

வாரத்தில் ஆறு நாள், உடம்பில் ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போன ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் ஏலாதண்ணைதான். வேறு யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். வாசிப்பேன், ஆனால் நம்பமாட்டேன்.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கழுத்தில் தொங்கிய காப்புறுதிக் கம்பனி அட்டையில் அது அச்சடித்தும் இருந்தது. துறைமுக வீதியில் ஒருவரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை. ஆளைக் கண்டதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையே, "தம்பி, நாளைக்குக் கை கால் ஏலாமல் போனால் என்ன செய்வீங்கள்?" என்பதுதான். சுகமா, சாப்பிட்டீங்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. எத்தனை பேருடைய காலை நேரத்தை இந்தக் கேள்வி கெடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அப்படிக் காலை நேரம் கெட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர்தான் ஏலாதண்ணை. அவர் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி ஏற்றுக்கொண்டார்.

நான் அந்த வீதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். சரக்கு வந்தால் பத்திரம் எழுதுவது என் வேலை. எதிரே இருந்த தேநீர்க்கடையில் ஆட்கள் உட்காரும் மர வாங்குதான் ஏலாதண்ணையின் கந்தோர். வாங்குக்கு வாடகை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்குப் பதினாறு தேநீர் குடித்தார்.

மற்ற முகவர்கள் செத்தால் வரும் காசை விற்றார்கள். ஏலாதண்ணை விற்றது சாகாமல் கிடந்தால் வரும் காசு. நோய் வருத்தத்தாலோ விபத்தாலோ வேலை செய்ய ஏலாமல் போனவருக்கு மாதாமாதம் வருகிற காசு.

"செத்தவனுக்கென்ன தம்பி? எட்டுச்செலவு, அந்தியேட்டிக் கிரியை, அதோட முடிஞ்சுது. ஊரே வந்து நிக்கும். படுத்தவனைப் பாக்க ஆர் வாறது? முதல் கிழமை தோடம்பழம் கொண்டு வருவினம். ரெண்டாம் கிழமை வெறுங்கையோட வருவினம். மூண்டாம் மாசம் உங்கட வாசல் படலையைத் தாண்டேக்க மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போவினம். ஆனா ஒண்டு. வருத்தம் வந்தாப் பிறகு என்னட்டை வந்து நிண்டு பிரயோசனம் இல்லை. வாறதுக்கு முந்தி வரவேணும்."

இப்படிப் பேசுகிறவரை நல்ல காரியத்துக்குப் போகிற ஒருவரும் எதிரில் காண விரும்பமாட்டார்கள். அவரைத் தூரத்தில் கண்டால் குறுக்கு ஒழுங்கையில் இறங்கிப் போனவர்களில் நானும் ஒருவன். பேச்சு எடுபடவில்லை என்று கண்ட பிறகுதான் அவர் உறுப்புகளைக் கழற்றத் தொடங்கினார்.

"சீலைக்காரன் சீலையை விரிச்சுக் காட்டுறான். மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டுறான். நான் என்னத்தைக் காட்டுறது? வராத வருத்தத்தை எப்பிடிக் காட்டுறது?" என்று ஒருநாள் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை வலது மணிக்கட்டை லேஞ்சித் துணியால் இடுப்புப் பட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு அது ஒரு நேர அட்டவணையாகிவிட்டது. திங்கள் வலது கை. செவ்வாய் ஒரு கண். புதன் ஒரு கால். வியாழன் பேச்சு. வெள்ளி காது. சனி இடுப்பு. துறைமுக வீதியில் பலர் நாட்காட்டி பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால், "ஏலாதண்ணை நொண்டிக்கொண்டு போறார், புதன்" என்று பதில் வரும்.

செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய சைக்கிள் நகரத்து மான்களில் மோதும். எங்கள் ஊர் மான்கள் வாகனத்துக்கு விலகுவதில்லை. வாகனம்தான் விலக வேண்டும். ஏலாதண்ணை கட்டிய கண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே அவை வந்து நின்றன. ஒரு கிளைக்கொம்பன் அவரைத் தெருவில் உருட்டிவிட்டுப் போனபோதும், எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, உதவிக்கு ஓடிவந்தவரிடம், "பாத்தீங்களா, ஒரு கண் இல்லாட்டி இதுதான் நிலைமை. உங்களுக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார்.

புதன்கிழமை ஊன்றுகோலோடு வருவார். துறைமுக வாசலில் லொத்தர் டிக்கெட் விற்றவருக்கு உண்மையாகவே ஒரு கால் இல்லை. அவர் இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு ஏலாதண்ணையைக் கூப்பிட்டார். "அண்ணை, கட்டையைப் பிடிக்கிற விதமே பிழை. செய்யிறதெண்டால் ஒழுங்காச் செய்யுங்கோ" என்று சொல்லி, அரை மணி நேரம் வீதியில் நடத்திப் பழக்கினார். அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள். டிக்கெட் வாங்குகிறவர்களிடம் அவர், "பரிசு விழாட்டி அங்கால வாங்கில இருக்கிறவரிட்டைப் போங்கோ" என்று சொல்லியே கொடுப்பார்.

வியாழன் வந்தால் வாய் திறக்கமாட்டார். தொலைபேசி அடித்தால் எடுப்பார், ஆனால் மறுமுனையில் மூச்சு மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்டுப் பயந்த ஒரு பெண் பொலிசுக்குப் போய்விட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அன்றும் வியாழக்கிழமை. இன்னொரு தடவை வெருகல் முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போய்க்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் புதன்கிழமை அவரை ஊன்றுகோலோடு கண்டு பரிதாபப்பட்டார்கள். மறுநாள் திரும்பி வரும்போது அவர் விறுவிறுவென்று நடந்து போகிறார். "முருகா!" என்று மனிசி வானை நிறுத்தி இறங்கி ஓடிப்போய், "அண்ணை, கால் சுகமாயிட்டுதா?" என்று கேட்டாள். அவர் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அந்த மனிசி அழுதுகொண்டே வானுக்குத் திரும்பி, "காலைக் குடுத்திட்டு வாயை எடுத்திட்டானப்பா" என்று சொன்னதை எங்கள் கந்தோரில் எல்லாரும் கேட்டோம். ஆனாலும் அவர் அதிகமாக வியாபாரம் செய்த நாள் வியாழன்தான். அதற்கான காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை காதில் பஞ்சு. அன்றைக்கு 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் அவருக்கு அறவே கேட்காது. சனிக்கிழமை இடுப்பு இல்லை என்பதால் வாங்கில் நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பார். வாடிக்கையாளர்கள் நோயாளி பார்க்க வந்தவர்கள் மாதிரிப் பக்கத்தில் குந்தியிருந்து கதைப்பார்கள். ஒருவர் உண்மையாகவே தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மட்டும் எல்லாம் இருக்கிற நாள். அன்றைக்கு அவர் தொழில் கதைக்கமாட்டார். காலையில் கடலில் நீந்துவார், இரண்டு கையாலும் சைக்கிளை உரஞ்சிக் கழுவுவார், வீட்டில் உரத்த குரலில் தேவாரம் பாடுவார். "ஆறு நாள் இல்லாமல் இருந்து பாத்தவனுக்குத்தான் தம்பி ஞாயிற்றுக்கிழமையின்ர ருசி தெரியும்" என்பார். கொழும்பிலிருந்து அவருடைய பெரிய மனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தக் கை கட்டுகிற வித்தையை ஒருக்கால் செய்து காட்டச் சொன்னார். "நாளைக்கு வாங்கோ சேர்" என்று சொல்லிவிட்டு ஏலாதண்ணை சைக்கிளைக் கழுவப் போனார்.

இன்னொரு விஷயத்திலும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. திங்கட்கிழமை இடது கையால் எழுதுவார், சவரம் செய்வார், சேர்ட்டுக்குப் பொத்தான் போடுவார். ஆனால் மத்தியானம் சாப்பிடமாட்டார். றஹீம் நானா, கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர், ஒருநாள் கேட்டே விட்டார். அந்தப் பக்கத்தில் நானா என்றாலும் காக்கா என்றாலும் அண்ணன்தான்.

"என்ன காக்கா, எல்லாம் இடக்கையால செய்றீங்க. சோறு மட்டும் ஏன் வேணாம்?"

"இடக்கையால சோறு தின்னுறதோ? அம்மா என்னை அப்பிடி வளக்கேல்லை நானா. அது மட்டும் என்னால ஏலாது."

ஏலாதண்ணையே ஏலாது என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான். சிரித்துவிட்டு மறந்துபோனோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஆறு வருடம் அவர் என்னைத் துரத்தினார், ஆறு வருடம் நான் ஓடினேன். கந்தோருக்குப் பின்வாசல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவனே நான்தான். அவர் கேட்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்ததுதான் சிக்கல்.

என் அப்பா எங்கள் சொந்த ஊரான கட்டைபறிச்சானில் வயல் செய்தவர். நாற்பத்தேழு வயதில் ஒரு காலை, வரம்பில் நின்றபடியே சாய்ந்தார். பாரிசவாதம். எட்டு வருடம் ஒரு பக்கம் அசைவில்லாமல் கட்டிலில் கிடந்து இறந்தார். வயல் துண்டு துண்டாகப் போனது. மாடுகள் போயின. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்கு வந்தேன். எனக்குக் கலியாணம் பேசும்போது அம்மா ஊராரைக் கூட்டி வைத்து, "அவர் காய்ச்சலில போனவர் எண்டு சொல்லுங்கோ. இந்த வருத்தம் பரம்பரையில வரும் எண்டு பொம்பிளை வீட்டார் பயந்திடுவினம்" என்று கெஞ்சிக் கேட்டாள். ஊரும் சொன்னது. என் மனைவி மாலினிக்கும் நான் அதையே சொன்னேன். பாரிசவாதம் என்ற சொல்லையே நான் பதினைந்து வருடமாக வாயில் எடுக்கவில்லை. ஆனால் என் மகள் வளர வளர எனக்குள் ஒரு பயமும் வளர்ந்தது. நாற்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தேன். நானும் அப்படிச் சாய்ந்தால் இந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூட வேண்டி வரும். அது தெரிந்திருந்தும் பின்வாசலால் ஓடினேன்.

பிறகு பேக்கரி முதலாளியின் சம்பவம் நடந்தது. ஏலாதண்ணையைக் கண்டால் பாண் வெட்டுகிற கத்தியைத் தூக்கிக் காட்டித் துரத்துகிற மனிதர் அவர். ஒருநாள் அவரே ஆள் அனுப்பினார், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. "ஃபோமைக் கொண்டு வாங்கோ, எவ்வளவு எண்டாலும் கட்டுறன்" என்று ஏலாதண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டாராம். இவர் என்ன செய்வார்? வருத்தம் வந்த பிறகு ஃபோம் தர வழியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கிழமை முழுக்க எதையும் கட்டாமல், எல்லா உறுப்போடும் வாங்கில் பேசாமல் இருந்தார். எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது. நான் ஆறு வருடத்தில் முதல் தடவையாக முன்வாசலால் வெளியே வந்து, வீதியைக் கடந்து, "அண்ணை, எனக்கொரு ஃபோம் தாங்கோ" என்று கேட்டேன்.

படிவத்தை எங்கள் கந்தோரில் எல்லாரும் சுற்றி நின்று நிரப்பினோம். இங்கேதான் எங்கள் ஆட்களின் புத்தியைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் என்னென்ன வருத்தம் என்று யாராவது கேட்டால் எங்களுக்கு உடனே கலியாணப் பேச்சுத்தான் ஞாபகம் வரும். பிரஷர்? இல்லை. சீனி வருத்தம்? இல்லை. இருதயம்? இரும்பு மாதிரி. "இல்லை எண்டே எழுதுங்க தம்பி. நல்ல குடும்பம் எண்டு கம்பனிக்காரன் நினைக்கட்டும்" என்று றஹீம் நானா உற்சாகப்படுத்தினார். தகப்பன் இறந்த காரணம் என்ற இடத்தில் என் பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 'காய்ச்சல்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

ஏலாதண்ணை வாசித்தார். "என்ன காய்ச்சல்?"

"சும்மா காய்ச்சல்தான் அண்ணை."

அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். என் ஊர் விலாசத்தை இன்னொரு தடவை வாசித்துவிட்டுப் படிவத்தைப் பைக்குள் வைத்தார்.

வந்த சனிக்கிழமை அவர் மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினார். சனி இடுப்பு இல்லாத நாள் அல்லவா? லோஞ்சின் ஆசனத்தில் படுத்தபடி கொட்டியாரக் குடாவைக் கடந்து, பிறகு ஓட்டோவின் பின் ஆசனத்தில் படுத்தபடி கட்டைபறிச்சானுக்குள் நுழைந்தார். ஓட்டோவிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி வீடு வீடாக, "இந்தக் குடும்பத்தில பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று விசாரித்தார். ஊர் என்ன நினைக்கும்? என் தம்பிக்கு அப்போது கலியாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாக இருந்தும் மாப்பிள்ளை விசாரிக்க ஒருவர் வந்திருக்கிறார் என்றால் பெரிய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் யாரும் மறக்கவில்லை. அப்போது சொன்ன காய்ச்சல்கூட இவ்வளவு பெரிய இடத்துக்குக் குறைவாகப்பட்டிருக்கும் போல. ஆளாளுக்குப் புகுந்து விளையாடியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலை, வலது கையைக் கட்டிக்கொண்டு, ஏலாதண்ணை என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, உங்கட அப்பா ஏழு விதமாச் செத்திருக்கிறார். ஒரு வீட்டில தென்னையால விழுந்தவர். ஒரு வீட்டில வெருகல் ஆத்து வெள்ளத்தில மாட்டைக் காப்பாத்தப் பாய்ஞ்சவர். உங்கட பெரிய மாமி சொன்னவ, தொண்ணூற்று நாலு வயசில சிரிச்சுக்கொண்டே கண்ணை மூடினவராம். ஏழிலயும் வருத்தம் எண்ட சொல்லே இல்லை. ஒரு ஊரே சேந்து ஒளிக்குது எண்டால் அது சின்ன வருத்தமா இருக்க ஏலாது."

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன அண்ணை? நான் கையெழுத்து வைச்சிட்டன். கொண்டுபோய்க் குடுங்கோ. உங்களுக்குக் கமிஷன் வரும்."

அவர் படிவத்தை எடுத்தார். ஒரு கையால் கடதாசி கிழிப்பது லேசான வேலை இல்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் இழுத்து, கந்தோர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அதை இரண்டாகக் கிழித்தார்.

"இந்தப் பொய்யோட நீங்கள் படுத்தால், கம்பனிக்காரன் உங்கட ஊரில கேக்கமாட்டான் தம்பி, ஆஸ்பத்திரிப் புத்தகத்தைத் திறப்பான். ஒரு சதமும் வராது. உங்கட பிள்ளை அந்த நேரம் என்னைத் தேடி வந்தால் நான் எந்த முகத்தோட நிக்கிறது?"

அன்று பின்னேரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். மாலினி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பதினைந்து வருடம் மறைத்ததை நாலு வசனத்தில் சொல்லி முடித்தேன். நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை.

"இதையா இவ்வளவு காலமும் வயித்துக்குள்ள வைச்சிருந்தனீங்கள்?" என்றாள் மாலினி. "எனக்குக் கலியாணத்துக்கு முந்தியே தெரியும். எங்கட அப்பா மூதூர் ஆஸ்பத்திரியில விசாரிச்சவர்."

"தெரிஞ்சுமா ஓம் எண்டு சொன்னனீ?"

"எங்கட பக்கத்தில நாலு பேருக்குச் சீனி, சித்திக்கு மூச்சு முட்டுற வருத்தம். நாங்கள் மட்டும் சொன்னனாங்களா?"

ஏலாதண்ணை தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகப் பையைத் திறந்தார். "தங்கச்சி, சீனி ஆராருக்கு எண்டு ஒருக்கால் வடிவாச் சொல்லுங்கோ. உங்களுக்கும் ஒரு ஃபோம் கிடக்கு."

புதிய படிவத்தில் எல்லா உண்மையையும் எழுதினோம். இடம் போதாமல் தனித்தாள் இணைத்தோம். மருத்துவப் பரிசோதனையில் எனக்கும் பிரஷர் இருப்பது தெரிந்தது. கம்பனி கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டி, ஏற்றுக்கொண்டது. அத்தோடு ஏலாதண்ணை விடுவாரா? கையெழுத்து வைத்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். ஒரு திங்கட்கிழமை என் வலது கையை இடுப்போடு கட்டிவிட்டார். நான் இடது கையால் எழுதிய சரக்குப் பத்திரத்தைப் பார்த்த றஹீம் நானா, "இது எந்த நாட்டுப் பாஷை தம்பி?" என்று கேட்டார். மத்தியானம் ஏலாதண்ணையும் நானும் பட்டினி கிடந்தோம்.

மூன்று வருடம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்திரம் எழுதிக்கொண்டிருக்கையில் பேனை விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். கை வரவில்லை. கதிரையும் நானும் சேர்ந்து சரிந்தோம். றஹீம் நானா என்னைத் தூக்கி ஓட்டோவில் போட்டது மட்டும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலடியில் ஏலாதண்ணை நின்றார். ஒரு கண்ணில் துணி. அவிழ்க்க மறந்து ஓடி வந்திருக்கிறார். எனக்கு வாய் கோணிக்கொண்டது, பேச்சு வரவில்லை. நான் என்ன கேட்க நினைத்தேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"தம்பி, ஃபோமில உண்மை இருக்கு. நீங்கள் பயப்பிடாமல் நித்திரை கொள்ளுங்கோ" என்றார்.

நித்திரை கொண்டேன்.

கம்பனி விசாரணைக்கு ஓர் அதிகாரியை அனுப்பியது. ஏலாதண்ணை சொன்னபடி அவர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு, அண்ணை சொன்னதற்கு மாறாக, ஊருக்கும் போனார். ஊர் இன்னும் வாக்குத் தவறவில்லை. தென்னை, வெள்ளம், தொண்ணூற்று நாலு வயது என்று எல்லாவற்றையும் மறுபடி எடுத்துவிட்டது. அந்த மனிதர் குழம்பிப்போய் வந்து, "வழக்கமா ஊரில வருத்தம் இருக்கும், ஃபோமில இருக்காது. இப்பதான் முதல் தடவையா மாறிக் காணுறன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மாதாமாதம் பணம் வரத் தொடங்கியது. வீட்டு வாடகை நிற்கவில்லை, மருந்து நிற்கவில்லை. என் மகள் புத்தகத்தை மூடவில்லை. உயர்தரம் எழுதினாள். நான் எழுதாமல் விட்ட அதே பாடங்கள்.

எனக்குப் பேச்சுத் திரும்பி வந்தது. காலும் பயிற்சியோடு வந்தது. வலது கை வரவில்லை. வீட்டில் கரண்டியால் சமாளித்தேன். வெளியில் எங்கேயும் சாப்பிடப் போகமாட்டேன். இடது கையால் சோறு அள்ளுவதை நாலு பேர் பார்ப்பதை நினைத்தாலே உடம்பு கூசும். ஒன்றரை வருடம் ஒரு கலியாணம் இல்லை, ஒரு விருந்து இல்லை.

அப்போதுதான் றஹீம் நானாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. நானா வீட்டுக்கே வந்து படலையில் நின்று, "நீங்க வராட்டி நான் சாப்பிட மாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். தூக்கி ஓட்டோவில் போட்டவர். எப்படி மறுப்பது? போவேன், வாழ்த்துவேன், சாப்பிடாமல் வந்துவிடுவேன் என்று எண்ணிக்கொண்டு போனேன்.

கிண்ணியாவில் விருந்து சகனில்தான். பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் குவித்து வைக்க, சுற்றி இருந்து எல்லாரும் ஒரே தாம்பாளத்தில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். நானா எனக்கும் ஏலாதண்ணைக்கும் தனியாக ஒரு சகன் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். மண்டபம் நிறையச் சனம். நான் கையை மடியில் வைத்தபடி, "வயிறு சரியில்லை நானா" என்றேன்.

"தம்பி, ஏலாதவனுக்கு எங்கட மார்க்கத்தில சலுகை இருக்கு. எது கையோ அதால சாப்பிடுங்க" என்றார் நானா.

பக்கத்தில் ஏதோ சரசரப்புக் கேட்டது. ஏலாதண்ணை பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வலது மணிக்கட்டை இடுப்புப் பட்டியோடு இறுக்கிக் கட்டினார். பிறகு இடது கையைச் சகனில் போட்டார். பழக்கமில்லாத கை. முதல் கவளம் வாய்க்குப் போகாமல் வெள்ளைச் சேர்ட்டில் விழுந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன காக்கா, இடக்கையால?" என்று யாரோ கேட்டார்கள்.

"இண்டைக்கு எனக்கு வலது கை இல்லாத நாள்" என்றார் ஏலாதண்ணை, தாடையில் ஒட்டிய சோற்றோடு.

றஹீம் நானா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, மூடிக்கொண்டு, அவசரமாக இனிப்புக்கு வட்டிலப்பம் எடுத்து வரப் போனார். ஏனென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை.

நான் இடது கையைச் சகனில் போட்டேன். நாங்கள் இருவரும் அன்று சாப்பிட்டதைவிடச் சிந்தியது அதிகம். எனக்குக் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் அந்த ஒரு கைதான் இருந்தது, அதில் சோறு. அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். படலைக்கு வெளியிலேயே கையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவார். காலையில் நீந்துவது, தேவாரம் எல்லாம் இன்னும் உண்டு. சைக்கிளை மட்டும் இப்போது அவசரம் அவசரமாகக் கழுவுகிறாராம்.

இன்றும் ஞாயிறு. மாலினி மேசையில் இரண்டு சோற்றுப் பீங்கான் வைத்திருக்கிறாள். இடது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், படலை திறக்கிற சத்தம் கேட்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன். இவ்வளவு நேரம் இல்லாத பசி இப்போதுதான் வருகிறது.